பெஞ்சுக்கு அடியில் ஒரு வால்யூம் கண்ட்ரோல்

சபைக் கமிட்டி ஐயாமார்களுக்குச் சத்தியதாஸ் எழுதிக்கொள்வது.

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப்புத்தகத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு கை பேனாவுக்கு, மறு கை காற்றாடியில் காகிதம் பறக்காமல் பிடிக்க என்று ஆகிவிட்டதால், வேதப்புத்தகத்தையே தூக்கிக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டேன். எழுத எழுத அதைக் கீழே நகர்த்திக்கொண்டு வருகிறேன். ஆகவே நீங்கள் கேட்ட இந்த வாக்குமூலம் முழுவதும் வேதத்தின் பாரத்துக்கு அடியிலிருந்தே வெளியே வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேஸ் கிட்டார் வாசித்த பிரஜினை எனக்குப் பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல பையன். பெரியவர்களைக் கண்டால் மடித்துக்கட்டிய லுங்கியை இறக்கிவிடுகிற பையன்.

போன சனிக்கிழமை அனில் என் வீட்டுக்கு வந்தார். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். சபைக்குப் புது சவுண்ட் சிஸ்டம் போடும் பொறுப்பை நீங்கள் அவரிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் கேட்கவில்லை, அது போகட்டும். மேடைப் பலகையைப் பெயர்த்து, அடியில் தவழ்ந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு வந்தார். வந்தவர் இரண்டு பொருள்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று, பழைய ரேடியோவில் இருக்கும் அல்லவா, அந்த மாதிரி ஒரு வால்யூம் கண்ட்ரோல். மற்றது ஒரு வயர்.

"அங்கிள், இந்தச் சாதனம் பேஸ் கிட்டார் லைன்ல எப்படி வந்தது?" என்றார்.

"இருங்க, சாயா குடிப்போம்" என்றேன்.

என் மனைவி ராஜபாய் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. நான் குடித்தேன். வயரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வால்யூம் கண்ட்ரோல்தான் முதலில்.

என்னை உங்களுக்குத் தெரியும் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும். சாலை என்கிற கடைத்தெருவில் மைக் செட் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கல்யாணம், உற்சவம், கன்வென்ஷன், எலெக்‌ஷன், எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்கள். ஒரே ஆம்பிளிஃபையர் காலையில் ஒரு கட்சிக்காகவும் சாயங்காலம் எதிர்க்கட்சிக்காகவும் பேசியிருக்கிறது. இவர்கள் சொன்னதை அவர்களிடம் அது ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அந்த ஆம்பிளிஃபையரிடம் படித்தவன்தான்.

நம் சபையில் ஓடுகிற வயர் எல்லாம் என் கையால் ஓடியது. ஒருமுறை ஈஸ்டர் ஆராதனையின் நடுவில் ஃபியூஸ் போய், மூப்பர் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு ஸ்டூலில் ஏறிப் புருவத்தைக் கருக்கிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு, சபையில் கரண்ட் ஓடுகிற எதையும் சத்தியதாஸ் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது என்று நீங்களே தீர்மானம் போட்டீர்கள். அது இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. காற்றாடி வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால்கூடப் போதகர் பிரசங்கத்தை நிறுத்தி என் பக்கம்தான் பார்ப்பார். நான் எழுந்து போய்க் குறைப்பேன். பிரசங்கம் நீளமாகப் போனால் கூட்டுவேன்.

அடுத்தது என் குரல். கொயரில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, அளவுக்காகச் சொல்கிறேன். ஆமெனின் கடைசியில் நான் அடி ஸ்வரத்துக்கு இறங்கினால் நற்கருணைக் கிண்ணங்கள் தட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். உத்தரத்தில் இருக்கும் பல்லி பிடி தவறி ஆல்ட்டோ பாடுகிற பெண்கள்மேல் விழும். அதனால்தான் அவர்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பாடினார்கள். பக்தி என்று போதகர் நினைத்துக்கொண்டார். சாலை அரிசி மண்டியில் ஞாயிற்றுக்கிழமை அளந்தால் மூட்டைக்கு ஒரு பிடி குறையும், என் குரலில் அரிசி அமுங்கிவிடுவதால். ஒருதரம் சபை வாசலில் போன லாரிக்காரன் வண்டியை ஓரம் கட்டிப் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான், எஞ்சினில் என்னவோ உறுமுகிறதே என்று. கீர்த்தனை முடிந்ததும் ரிப்பேர் தானாகவே சரியாகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவனைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைக்கலாம், வண்டி நம்பர்தான் நினைவில்லை.

ராஜபாய் மட்டும், "நீங்க வாய அசைக்கது தெரியுது, சத்தம் ஒண்ணும் வரல்லியே" என்பாள். அவள் உட்காருவது பெண்கள் பக்கத்தில், தூணுக்குப் பின்னால். நல்ல கனமான தூண் அது.

எனக்கு அறுபது நிறைந்தபோது கொயர் மாஸ்டர் செல்வமணி எனக்கென்று தனியாக ஒரு மைக் கொண்டுவந்து வைத்தான். கொயர் முழுவதற்கும் இரண்டு மைக். எனக்கு மட்டும் ஒன்று. "அண்ணாச்சி இண்ணைக்குக் குனியப்படாது, பிறந்தநாளாக்கும்" என்று சொல்லி, வயரையும் அவனே மேடைக்கு அடியில் இழுத்துக் கொடுத்தான். சபையில் என் கை படாமல் ஓடிய ஒரே வயர் அதுதான். "மைக்கில கைவைக்காதீங்க அண்ணாச்சி, கரகரங்கும்" என்றும் சொல்லிவைத்தான். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு முன் வந்து அதைத் தட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையாட்டுவான். நானும் தலையாட்டுவேன். மரியாதை தெரிந்த மனுஷன்.

இந்த நிலையில்தான் பேஸ் கிட்டார் வந்தது. தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ. துபாயில் இருக்கும் நம் சபையார் ஒருவர் காணிக்கையாக ஒரு பேஸ் ஆம்ப் அனுப்பினார். ஃபிரிட்ஜ் உயரம் இருக்கும். அதைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு விருந்தாளி அதைப் பார்த்து, குளிர்ந்த தண்ணீர் இருந்தால் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டதற்குப் பிறகு, அதைப் போதகர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக்குள் தள்ளிக் கதவைத் திறந்துவைப்பது என்று முடிவாயிற்று. கிட்டார் வாசிக்கிறவன் மேடையில் நிற்பான். அவன் காலடியில் ஒரு சாக்கெட். அங்கிருந்து வயர் மேடைப் பலகைக்கு அடியில் ஓடி, கொயர் பெஞ்சைத் தாண்டி, வெஸ்ட்ரிக்குள் போய் ஆம்பில் சேரும். அந்த வயரை ஓட்டியவன் நான். கொயர் பெஞ்சின் ஓரத்து இடம் என் இடம்.

வாசிக்க வந்தவன் பிரஜின். சாலையில் ஒரு பெயின்ட் கடையில் வேலைக்கு நிற்கிறவன். செல்வமணியின் மகள் ஜெஸ்லின் கொயரில் சொப்ரானோ. இரண்டு பேருக்கும் ஒரு எண்ணம் என்பது சபைக்கே தெரியும். செல்வமணிக்கும் தெரியும்; தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு அவன் ஒரு கம்பியைத் தட்டினான். கிண்ணங்கள் இடித்துக்கொண்டன. பல்லி விழுந்தது. ஒரே கம்பிதான்; அவன் மூச்சுகூட வாங்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சரசம்மா டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இண்ணைக்குத்தான் பிள்ளே நம்ம பாட்டுக்கு ஒரு அடித்தளம் வந்துது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதிலும் வருத்தமில்லை. லெவல் சரியில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றியது. லெவல் பார்ப்பது என் தொழில்.

அந்த வாரத்திலேயே ஒரு பகல், சாவி என்னிடம் இருந்ததால், போய்ப் பலகையைத் தூக்கிப் படுத்துக்கொண்டு அந்த வயரை வெட்டி நடுவில் வால்யூம் கண்ட்ரோலை வைத்து ஈயம் பற்றவைத்தேன். அதன் திருகு குமிழை மட்டும் என் பெஞ்சின் முன்பலகைக்கு அடியில், உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டால் விரல் படுகிற இடத்தில் நிறுத்தினேன். ஓடுகிற தண்ணீருக்கு ஒரு அடைப்பான் வைப்பதில்லையா, அந்த மாதிரி. சுத்தமான வேலை. அனிலேகூட ஈயம் வைத்த அழகை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மைக்கின் வயரும் அங்கே இருட்டுக்குள் நீண்டு போவதைப் பார்த்தேன். அதைத் தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. மரியாதையாக வந்த வயரைச் சந்தேகப்படுவது எனக்குப் பழக்கமில்லை.

முதல் நாளே முழுக்கத் திருகிவிட்டால் அது அயோக்கியத்தனம். நான் இழை இழையாகத்தான் குறைத்தேன். போதகர் "ஜெபிப்போம்" என்றதும் சபை முழுவதும் கண்ணை மூடும். நடுவில் கண் திறந்து பார்ப்பது நம் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய வெட்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகூடத் திறக்காது, திறந்தால் தாயின் கிள்ளு விழும். நான் திருகியது அந்த நேரத்தில். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் திருகினேன். ஜெபத்துக்குரிய மரியாதையை ஒருநாளும் விட்டதில்லை. ஆமென் சொல்லும்போது விரலை எடுத்துவிடுவேன்.

பிரஜினுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஓங்கி ஓங்கி அடித்தான். விரல் கொப்பளித்தது, பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தான். பயிற்சியின்போது செல்வமணி பாட்டை நிறுத்தி, "லேய், நீ வாசிக்கியா, இல்ல பூனையத் தடவுகியா?" என்று கேட்டான். கொயர் சிரித்தது. ஜெஸ்லினும் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக வீட்டுக்குப் போய் அழுதாள் என்று கேள்வி.

தீர்மானம் இருக்கிறதே, அதன்படி அவன் என்னிடம்தான் வந்தான்.

"பாட்டா, லெவல் கொறஞ்சுகிட்டே போகுது. நான் வாசிக்கது எனக்கே கேக்கல்ல. நீங்க ஒண்ணு பாருங்களேன்."

பார்த்தேன். மனப்பூர்வமாகப் பார்த்தேன். அன்றைக்கு அவனிடம் நான் சொன்ன எதையும் எந்த சவுண்ட்காரனும் தப்பு என்று சொல்ல முடியாது. அதற்குள் அவன் சத்தம் கூட்டுவதற்காகத் தன் பைக்கை விற்று, காலால் மிதிக்கிற பெடல் பெட்டிகள் மூன்று வாங்கி வரிசையாக வைத்திருந்தான். கம்ப்ரஸர் ஒன்று, கோரஸ் ஒன்று, ஓவர்டிரைவ் ஒன்று. "ஒவ்வொண்ணுலயும் லெவல்ணு ஒரு நாப் இருக்கு பாத்தியா? முதல் பெட்டியில குறஞ்சா அடுத்ததுக்குக் குறஞ்சதுதான் கிடைக்கும். அது அதையும் குறச்சா மூணாவதுக்கு எச்சில்தான் மிச்சம்" என்றேன். ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கழற்றினான். ஒரு வித்தியாசமும் இல்லை. பெட்டிக்குள் இருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீரென்றது. உயிர் இருக்கிறது. அவனும் வைத்துப் பார்த்தான். ஜெஸ்லினும் வைத்துப் பார்த்தாள். மூன்று பேட்டரியும் மூன்று நாக்கும். அன்று மத்தியானம் ராஜபாய் வைத்த மீன்கறியில் உப்பு உண்டா இல்லையா என்று மூன்று பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஆம்ப். அதில் கிட்டார் செருக இரண்டு துளை இருக்கும். ஒன்று சாதா கிட்டாருக்கு. மற்றது உள்ளேயே பேட்டரி வைத்த கிட்டாருக்கு, அதில் செருகினால் ஆம்ப் தலையைத் தட்டி அடக்கிவிடும். மாற்றிச் செருகியிருந்தால் அதுதான் கோளாறு. அவன் சரியாகத்தான் செருகியிருந்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிட்டாரை வெஸ்ட்ரிக்கே கொண்டுபோய் நேராக ஆம்பில் செருகினான். சுவரில் இருந்த பழைய போதகர்களின் படமெல்லாம் சாய்ந்துவிட்டது. மேடைக்கு வந்து சாக்கெட்டில் செருகினால் எலிச் சத்தம்.

பிரஜின் முட்டாள் இல்லை. "அப்போ லைன்லதானே பாட்டா கோளாறு?" என்றான்.

அதைக் கேட்டபோது அவன்மேல் எனக்கு மதிப்பு கூடியது. மீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்துக் காட்டினேன். ஊசி ஆடியது. "பாத்தியா? லைன் நல்ல ஆரோக்கியமாக்கும்" என்றேன். ஊசி ஆடினால் வயர் அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். அதில் எவ்வளவு போகிறது என்பது வேறு கேள்வி. அவன் அதைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல நான் பிரசங்கியார் இல்லை.

"பலகையத் தூக்கிப் பாத்துருவமா பாட்டா?"

"கமிட்டி தீர்மானம் இருக்கு மக்களே. நான்தான் தூக்கணும். நான் தூக்கிப் பாத்தாச்சு."

இதுவும் சத்தியம்.

அப்படியானால் மிச்சம் என்ன இருக்கிறது? கிட்டார் நல்லது, பெடல் நல்லது, பேட்டரி நல்லது, லைன் நல்லது, ஆம்ப் நல்லது. இந்த வரிசையின் கடைசியில் சோதிக்காமல் ஒரே ஒரு சாதனம்தான் இருந்தது. "மக்களே, நீ செவிய ஒண்ணு காட்டிப் பாரேன்" என்றேன். அவன் முகம் வெளுத்தது. "செவி மந்தமானா கைக்கு அளவு தெரியாது கேட்டியா. நீ அடிக்கதா நினைக்கே, கை தடவுது. வெஸ்ட்ரி சின்ன அறை, அங்க எலி தும்மினாலும் இடியாக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். இப்படி ஒரு வியாதி உண்டா என்று எனக்குத் தெரியாது. சொல்லும்போது உண்டு போலத்தான் இருந்தது.

டாக்டரிடம் போனான். காது ஒன்றாம் தரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "சின்ன வயசு டாக்டர், பெரிய டாக்டரப் பாரு" என்றேன். பெரிய டாக்டரும் அதையே சொன்னார். "வியாதி அவ்வளவு ஆழத்துல போயாச்சு போல" என்றேன். அதற்குப் பிறகு அவன் பெயின்ட் கடையில் சும்மா நிற்கும் நேரமெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றி இந்தக் காதில் கொஞ்ச நேரம், அந்தக் காதில் கொஞ்ச நேரம் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். கொயரில் எல்லோரும் இரக்கப்பட்டு அவனிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல. நம் சபையாருக்கு இயல்பாகவே இரக்கம் அதிகம்.

இதற்கிடையில் என் குரல் பழையபடி மேலே வந்துவிட்டது. கிண்ணங்கள் என் சொல்லுக்குத் திரும்பிவிட்டன. "இப்பத்தான் பாட்டில வார்த்தையெல்லாம் தெளிவாக் கேக்குது" என்று சரசம்மா டீச்சர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். யாரைப் பற்றிச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. நன்றி சொன்னேன். அவர் கொஞ்சம் திகைத்துப்போனார், அடக்கமான பெண்மணி.

இந்த லெவலில் எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அறுப்பின் பண்டிகைக்குக் கொச்சியிலிருந்து ஒரு ஆள் வருகிறார் என்று செய்தி வந்தது. சுற்றுலாக் கப்பல்களின் இசைக்குழுவில் வாசிக்க ஆள் பிடிக்கிறவர். ஆராதனையில் உட்கார்ந்து கேட்பார், பிடித்தால் பிரஜினைக் கையோடு எடுத்துக்கொள்வார். செல்வமணி அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய் திறந்தான். "கப்பல் கிடைச்சா ஜெஸ்லின் காரியம் பேசலாம். இல்லேண்ணா பெயின்ட் கடைக்குப் பெண்ணு கொடுக்கதாட்டு எனக்கு எண்ணமில்ல."

பண்டிகைக்கு முந்தின நாள் பிரஜின் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாட்டா, நாளைக்கு ஒரு நாள் கேட்டாப் போதும். எப்பிடியாவது சரியாக்கித் தாங்க. பின்ன எனக்க செவி போனாலும் பரவாயில்ல."

அவனே சொன்ன வார்த்தை இது. ராஜபாய் அடுக்களையிலிருந்து கேட்டாள். வேண்டுமானால் அவளையும் விசாரியுங்கள்.

சாயங்காலம் கொயர் பயிற்சி. எல்லோரும் இருந்தார்கள். நான் வழி சொன்னேன். லைனில் எவ்வளவு வந்து சேருகிறது என்று பார்க்க வேண்டுமானால், ஒருவர் மேடையில் நின்று தட்ட வேண்டும், ஒருவர் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். இதுவும் முறைப்படியான வழிதான். "பெடல்ல எல்லா லெவலையும் முழுசா ஏத்து. ஆம்பிலயும் ஏத்து. ஒரு பொட்டு வந்தாலும் தெரியணும்" என்றேன். ஏற்றினான். கிட்டாரை ஜெஸ்லின் தோளில் மாட்டிக்கொண்டாள். அவனுக்கு உதவ ஏதோ ஒன்று தன் கையில் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். அவன் வெஸ்ட்ரிக்குள் போனான். "ஸ்பீக்கர் வலையில செவிய ஒட்டிவை. வலது செவி. எடுக்காதே" என்று இங்கிருந்தே சொன்னேன். பிறகு என் இடத்தில் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவேன்.

ஜெஸ்லின் மெல்லத் தட்டினாள்.

"கேக்குதா?" என்றாள்.

"இல்ல" என்றான் உள்ளேயிருந்து.

மறுபடி தட்டினாள்.

"கொஞ்சம்போல. கொசு மாதிரி."

"இனி தட்டினாப் போதாது மக்களே, ஓங்கி அடிக்கணும்" என்றேன். "அதுக்கு முந்தி எல்லாரும் ஒரு நிமிஷம் ஜெபிப்போம். நாளைக்கு அந்தப் பையனுக்க காரியமாக்கும்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். செல்வமணி மூடினான். ஜெஸ்லின் கிட்டாரைக் கட்டிக்கொண்டு மூடினாள். பிரஜினும் உள்ளே, ஸ்பீக்கரில் காதை வைத்தபடியே மூடியிருப்பான்; நல்லபடியாக வளர்ந்த பையன். நானும் மூடினேன். ஜெபம் சுருக்கமாகத்தான் செய்தேன். இத்தனை நாள் இழை இழையாகக் குறைத்ததை ஒரே திருப்பில் முழுவதும் திறந்துவைத்தேன். ஆமென் என்றேன். ஜெஸ்லின் கண்ணைத் திறக்காமலே ஓங்கி அடித்தாள்.

மணிக்கூண்டில் மணி தானாக முனகியது. சாலையில் ஒரு கடையில் அடுக்கிவைத்த தேங்காய் அத்தனையும் தெருவில் உருண்டு, ஆட்டோக்கள் நின்றுபோயின. கோட்டைப் பக்கத்து நாய்கள் ஒரு வாரம் குரைக்கவில்லை, தங்களுக்கு இனி வேலையில்லை என்று நினைத்து. மேடையில் கொயர் முழுவதும் சந்தோஷத்தில் கைதட்டியது. சரியாக்கித் தா என்று கேட்டான். சரியாக்கினேன்.

வெஸ்ட்ரிக்குள்ளிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. போய்ப் பார்த்தோம். தரையில் உட்கார்ந்திருந்தான். வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, எங்கள் வாய்கள் அசைவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் கொஞ்சம் ரத்தம் இருந்தது.

"கேட்டுது பாட்டா" என்றான். உரக்கவே சொன்னான். அதற்குப் பிறகு அவன் எதையும் உரக்கத்தான் சொல்கிறான்.

அந்தக் காது திரும்ப வரவில்லை. நரம்பு போய்விட்டதாம். முன்பு ஒன்றாம் தரம் என்று சொன்ன அதே பெரிய டாக்டர்தான் இதையும் சொன்னார், ஆகவே அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை. "செவிக்குள்ள ஒரு குக்கர் விசிலடிச்சுகிட்டே இருக்கு பாட்டா, இறக்கிவைக்க ஆளில்ல" என்று பிரஜின் சொல்வான். அவனுக்கு நகைச்சுவை உண்டு.

மறுநாள் பண்டிகையில், பேஸ் லைன் கோளாறைக் கண்டுபிடித்துத் தீர்த்ததற்காக நீங்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள், போதகர் பின்னால் வந்து போர்த்தியதில் என் கண்ணாடி கீழே விழுந்தது. ஆம்ப் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அன்று நான் பாடியது போல் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் இல்லை. கொச்சிக்காரர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். பிறகு காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காயைப் பிடிவாதமாகக் கூட்டிக் கேட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

ஜெஸ்லின், தன் கைதான் அதைச் செய்தது என்று நம்பினாள். அவளுக்கு ஆறுதல் சொன்னவனும் நான்தான். "நீ வேணும்ணே செஞ்சியா என்ன, விடு மக்களே" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளால் பிரஜினின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நர்ஸ் வேலைக்குச் சவூதி போய்விட்டாள். போகும்போது என் காலைத் தொட்டு வணங்கினாள். பிரஜின் இன்னமும் அதே பெயின்ட் கடையில்தான் நிற்கிறான். யாராவது வந்தால் இடது காதைக் கொடுத்துச் சாய்ந்து நிற்பான். பல்ப் போனாலும் சுவிட்ச் கெட்டாலும் என் வீட்டுக்கு வந்து மாற்றிக் கொடுக்கிறவன் அவன்தான். "எனக்கு வேண்டி மெனக்கெட்டது பாட்டா ஒருத்தர்தான்" என்று ராஜபாயிடம் சொல்வான். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். கொஞ்ச காலமாக என்னிடமும் அவள் அதிகம் பேசுவதில்லை. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கமாக இருக்கலாம்.

ஒருநாள் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தக் கப்பல் வேலை கிடைத்திருந்தால் பையன் தானாகவே கிட்டாரையும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போயிருப்பான். நான் எதையும் திருக வேண்டியிருந்திருக்காது. இது பண்டிகைக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், போவதற்கு முன் அந்த ஒரு ஆராதனை அவன் வாசித்திருப்பான் அல்லவா.

சுற்றிவளைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். வால்யூம் கண்ட்ரோலை வைத்தது நான். குறைத்தது நான். இல்லாத வியாதியைக் காதில் ஏற்றியது நான். எல்லா லெவலையும் ஏற்றச் சொன்னதும், காதை ஸ்பீக்கரில் ஒட்டச் சொன்னதும், அவளை ஓங்கி அடிக்கச் சொன்னதும் நான். கை தவறித் திரும்பியது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். என் கை தவறாது, தொழில் தெரிந்த கை. திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் திறந்தேன். ஒரு சபைக்கு ஒரு பேஸ் போதும்.

பிரஜினிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். சொன்னால் இடது காதில் சொல்லுங்கள். பொன்னாடையைத் திருப்பிக் கேட்டால் ராஜபாய் துவைத்துத் தருவாள். புது சவுண்ட் சிஸ்டத்தில் என் மைக்குக்கு மட்டும் லெவல் கொஞ்சம் கூட்டி வைக்கும்படி அனிலிடம் சொல்ல வேண்டும். வயதாகிவிட்டது, முன்போல மூச்சு நிற்பதில்லை. ஆனாலும் இத்தனை வருடம் அந்த மைக்கில் பாடியவனுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அனில் மேஜைமேல் வைத்த வயரைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அது என் மைக்கின் வயர். அதன் மறுமுனை எதிலும் சேராமல், நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மேடைக்கு அடியில் ஒரு ஆணியில் அழகாகச் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது.